கூட்டணியின் வாயிலும் உள்வீடும்

கூட்டணி! இச்சொல் காதில் விழுந்ததும் சிலருக்கு உள்ளம் பூரிக்கின்றது. சிலருக்கு உதடு பிதுங்குகின்றது. ஒன்றுகூடினால் மலையையும் பெயர்த்திடலாம் என்று மேடை அதிர முழங்குவோர் ஒருபுறம். கூடிக் கெட்டோர் கதைகளைக் கூறிக் கைவிரிப்போர் மறுபுறம். இவ்விரு சாராருக்கும் நடுவே நின்று, ‘யாருடன் கூடுவது? எதற்காகக் கூடுவது? எதுவரை கூடுவது?’ என்று கணக்குக் கேட்போர் மிகச் சிலர். அப்படிக் கணக்குக் கேட்ட நூலொன்றை, அதிலும் அந்நூலின் ஒரே ஓர் அதிகாரத்தை, இவ்வாரம் ஆய்வுக்கு எடுத்துக்கொள்கிறோம்.

1967-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளிவந்த நூல் அது. பெயர் ‘பிளாக் பவர்’. கருப்பர் வலிமை என்று தமிழில் கூறலாம். எழுதியோர் இருவர். ஒருவர் ஸ்டோக்லி கார்மைக்கேல்; 1966 ஜூன் திங்களில் மிசிசிப்பி மாநிலத்துக் கிரீன்வுட் நகரில் அவர் எழுப்பிய முழக்கமே நூலின் தலைப்பாயிற்று. மற்றவர் சார்லஸ் ஹாமில்டன், அரசியல் பேராசிரியர். ஒருவர் சிறைக் கம்பிகளை எண்ணியவர். மற்றவர் ஏடுகளில் தோய்ந்தவர். நூலின் மூன்றாம் அதிகாரத்துக்கு அவர்கள் இட்ட தலைப்பு, கூட்டணி பற்றிய கட்டுக்கதைகள் என்று பொருள்படும்.

அரை நூற்றாண்டுக்கு மேலாகிவிட்ட நூலை இன்று ஏன் எடுக்க வேண்டும்? தெரு மன்றமும் தொழிற்சங்கமும், மகளிர் குழுவும் மாணவர் அமைப்பும், ஒரு குடிநீர்க் குழாய்க்காகவோ ஒரு சட்டத் திருத்தத்துக்காகவோ ஒன்றுசேர்ந்து அரசின் கதவைத் தட்டும்போதெல்லாம், இந்நூல் எழுப்பிய வினாக்கள் எதிரே வந்து நிற்கின்றன. விடை தேடாமல் கூடியோர், பின்னர் ஒருவரையொருவர் ஏசிப் பிரிவதை நாம் கண்டுகொண்டுதான் இருக்கிறோம். ஆகவேதான் எடுத்தோம்.

முதலில், நூலாசிரியர்கள் யாரோடு வாதாடுகின்றனர் என்பதை அறிந்துகொள்ள வேண்டும். பெயர் கூறினாலும் கூறாவிட்டாலும், எதிரே நிற்பவர் பேயார்ட் ரஸ்டின். 1963 ஆகஸ்டு 28 அன்று வாஷிங்டன் நகரில் இரண்டரை லட்சம் மக்கள் திரண்ட பேரணியை ஒழுங்குசெய்த செயல்வீரர். 1965 பிப்ரவரியில் அவர் எழுதிய கட்டுரை, கிளர்ச்சிக் காலம் முடிந்தது, இனி அரசியல் காலம் என்று கூறியது. அமெரிக்க மக்களில் கருப்பினத்தார் பத்தில் ஒரு பங்கினர்; தனித்து நின்று எதை வெல்ல முடியும்? ஆகவே தொழிற்சங்கங்கள், தாராளச் சிந்தனையாளர்கள், சமயக் குழுக்கள் ஆகியோரோடு கூட்டணி காண வேண்டும். இது ரஸ்டினின் வாதம். எளிதில் ஒதுக்கிவிடக் கூடிய வாதமா? அன்று; பெருக்கல் வாய்பாட்டைப் போல் உறுதியான வாதம். எனினும் அதற்குச் சில திங்கள் முன்னரே, அட்லாண்டிக் நகரின் கடற்கரையில் அவ்வாய்பாடு தடுமாறிவிட்டது.

அந்நிகழ்ச்சியை விரிவாகவே கூறவேண்டும். நூலின் சினம் பிறந்த இடம் அதுதான்.

மிசிசிப்பி மக்களில் ஐந்தில் இரு பங்குக்கு மேற்பட்டோர் கருப்பினத்தார். ஆனால் வாக்காளர் பட்டியலில் அவர்கள் பெயரைத் தேடிப் பிடிக்க வேண்டும். பதிவுசெய்யச் சென்றால் வேலை போகும், வீடு போகும், உயிரும் போகும். ஃபேனி லூ ஹேமர் என்ற அம்மையார் ஒரு பருத்திப் பண்ணையில் உழைத்தவர். 1962-இல் வாக்காளராகப் பதிவுசெய்ய முயன்ற ஒரே குற்றத்துக்காகப் பண்ணையை விட்டு விரட்டப்பட்டார். அடுத்த ஆண்டு வினோனா ஊர்ச் சிறையில் அடித்து நொறுக்கப்பட்டார். வெள்ளையர் மட்டுமே கூடும் மாநில ஜனநாயகக் கட்சிக்கு மாற்றாக, 1964-இல் மக்கள் தாமே அமைத்தனர் மிசிசிப்பி விடுதலை ஜனநாயகக் கட்சியை. அவ்வாண்டு ஆகஸ்டில் அட்லாண்டிக் நகரில் நடந்த தேசிய மாநாட்டுக்கு 68 பேராளர்களை அனுப்பி, ‘உண்மையான பேராளர் நாங்களே, எங்களுக்கே இடம் தருக’ என்று கேட்டனர்.

ஆகஸ்டு 22 அன்று தகுதி ஆய்வுக் குழுவின் முன் ஹேமர் அம்மையார் தாம் பட்டதைக் கூறினார். தொலைக்காட்சி நாடெங்கும் காட்டிக்கொண்டிருந்தது. குடியரசுத் தலைவர் ஜான்சன் என்ன செய்தார்? திடீரென்று செய்தியாளர்களை அழைத்துத் தாம் பேசத் தொடங்கினார். ஒளிப்படக் கருவிகள் அவர் பக்கம் திரும்பின! ஒரு பண்ணைத் தொழிலாளியின் பேச்சுக்கு உலகின் வலிமைமிக்க ஆட்சித் தலைவர் அஞ்சினார் என்றால், அப்பேச்சின் ஆற்றலை அளந்துகொள்ளலாம். ஆனால் பேச்சின் ஆற்றல் வேறு, இருக்கையின் ஆற்றல் வேறு என்பதை அடுத்த சில நாட்கள் காட்டின.

அக்கட்சிக்கு நண்பர்கள் இல்லாமலில்லை, ஏராளம். கார்த் தொழிலாளர் சங்கத்தின் தலைவர் வால்டர் ரூத்தர் உரிமை இயக்கத்தின் நெருங்கிய துணைவர். அக்கட்சியின் வழக்கை எடுத்துரைத்த ஜோசப் ரா, அதே சங்கத்தின் வழக்கறிஞர். நேர்மையாளர், இயன்றவரை வாதாடினார். ஆயினும் ஜான்சன் தேர்தலில் வெல்ல வேண்டும், மாநாட்டில் பிளவு கூடாது என்ற கவலை எழுந்ததும் ரூத்தர் விரைந்து வந்தார். விட்டுக்கொடுக்கச் சொல்லி அழுத்தினார். ரஸ்டினும் ஏற்றுக்கொள்ளவே சொன்னார். கிடைத்தது என்ன? 68 பேருக்கு இரண்டு இடம்! அவ்விருவர் யார் யார் என்பதையும் கொடுப்பவரே முடிவுசெய்தனர். விடுதலைக் கட்சியினர் மறுத்துவிட்டனர்.

இந்தக் காயத்தின் மேல்தான் நூலின் மூன்று மறுப்புகளும் எழுகின்றன. கருப்பினத்தாரின் நலனும் தாராளவாதிகள், தொழிற்சங்கத்தார் ஆகியோரின் நலனும் ஒன்றே என்பது முதல் கட்டுக்கதை. அரசியலிலும் பொருளிலும் வேரூன்றியோரும் வேரற்றோரும் சரிநிகராகக் கூடலாம் என்பது இரண்டாவது. நட்பும் நல்லெண்ணமும் மனச்சான்றும் மட்டுமே கூட்டணியைத் தாங்கி நிற்கும் என்பது மூன்றாவது. மூன்றையும் அவர்கள் அடித்துச் சாய்க்கும் வேகம் படிப்போரைக் கிறுகிறுக்க வைக்கிறது.

வலியறிதல் அதிகாரத்தைப் படித்தவர்க்கு இவ்வாதம் புதிதன்று. செயலின் வலிமை, தன் வலிமை, பகைவர் வலிமை என்பவற்றோடு துணைவரின் வலிமையையும் தராசில் இடச் சொல்கிறார் வள்ளுவர். துணை என்றதும் கண்மூடித் தழுவிக்கொள் என்று அவர் சொல்லவில்லை, எடைபோடு என்கிறார். நூலாசிரியர்கள் ஒரு படி மேலே செல்கின்றனர். துணைவரின் வலிமை மிகுந்தால் மகிழாதே, அஞ்சு என்கின்றனர். நம்மைவிட மிகப் பெரிய துணை, நமக்குத் துணையாக வருவதில்லை. நம்மைத் தனக்குத் துணையாக்கிக்கொள்கிறது.

தாம் கூறுவதற்குச் சான்றாக அவர்கள் காட்டும் டாம் வாட்சன் கதை நெஞ்சை உறுத்துவது. 1890-களில் ஜார்ஜியா மாநிலத்தில் ஏழை வெள்ளையரும் ஏழைக் கருப்பினத்தாரும் ஒன்றுபட வேண்டும் என்று முழங்கியவர். 1892-இல் தமக்காகப் பேசிய கருப்பினப் போதகர் ஒருவரைக் கொலைவெறிக் கும்பலிடமிருந்து காத்தவர். அதே வாட்சன், தேர்தல் கணக்கு மாறியதும், கருப்பினத்தாரின் வாக்குரிமையைப் பறிக்கும் முயற்சிக்குத் துணைநின்றார்; இனப்பகையை எழுதி எழுதியே பெயர்பெற்றார். நல்லெண்ணம் என்பது எவ்வளவு மெல்லிய நூலிழை! டஸ்கீகி நகர் பற்றிய பகுதியில் இன்னும் கசப்பு. ஹாமில்டன் அங்கே ஆசிரியராக இருந்தவர். வாக்காளரில் பெரும்பான்மை பெற்ற பின்னும், நகரவையின் பெரும்பான்மையை வெள்ளையரிடமே விட்டுவைத்த படித்த பெருமக்களை அவர் மன்னிக்கவில்லை.

இங்கே நாம் சற்று நிற்கிறோம். நூலின் வேகத்தில் அடித்துச்செல்லப்படாமல் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. மனச்சான்றை நோக்கிய வேண்டுகோள் பயனற்றதே என்றால், 1964-இன் குடியுரிமைச் சட்டம் எப்படி நிறைவேறிற்று?

அச்சட்டத்தைத் தென்மாநில செனட்டர்கள் பேசிப் பேசியே கொல்ல முயன்றனர். பேச்சை நிறுத்த மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும். அதற்கு, கருப்பின வாக்காளர் விரல்விட்டு எண்ணும் அளவே இருந்த நடுமேற்கு மாநிலங்களின் செனட்டர்களும் கைதூக்க வேண்டும். அவர்களை அசைத்தவர் யார்? அம்மாநிலங்களின் தேவாலய அமைப்புகள்! ஊர் ஊராகக் கடிதம் எழுதினர். நேரில் சென்று வற்புறுத்தினர். ஜூன் 10 அன்று 71-க்கு 29 என்ற கணக்கில் பேச்சு நிறுத்தப்பட்டது. கோதுமை விளைவிக்கும் அந்த மக்களுக்கு மிசிசிப்பியில் என்ன தன்னலம்? ஒன்றுமில்லை. சமயத்தின்பால் நமக்குள்ள கருத்து எதுவாயினும், நடந்ததை நடந்ததாகக் கூறுவதே பகுத்தறிவு. நூலாசிரியர்கள் இந்நிகழ்ச்சிக்கு உரிய இடம் தரவில்லை. இது குறை, சிறு குறையன்று.

அட்லாண்டிக் நகர்க் கதைக்கும் மறுபக்கம் ஒன்று பின்னாளில் தெரிந்தது. இனி நிறவேற்றுமை காட்டும் பேராளர் குழுவை ஏற்பதில்லை என்று அன்று கொடுத்த வாக்கு, காற்றில் பறக்கவில்லை. 1968-இல் சிகாகோ மாநாட்டில் மிசிசிப்பியின் பழைய குழு வெளியேற்றப்பட்டது. புதிய குழுவில் ஒருவராக ஹேமர் அம்மையார் அமர்ந்தார். நூல் 1967-இல் வெளிவந்தது. ஆகவே அதைக் குறைகூற இயலாது. ஆனால் இன்று படிப்போர் இதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

நூலுக்காகவும் ஒரு சொல் கூறுவோம். மனச்சான்று கூட்டணியைத் தொடங்கிவைக்காது என்று அவர்கள் கூறவில்லை. தாங்கி நிற்காது என்றே கூறினர். அதற்கும் சான்று உண்டு. 1966 கோடையில் உரிமைக் குரல் சிகாகோவின் வெள்ளையர் குடியிருப்புகளுக்குள் நுழைந்தது. ‘உங்கள் தெருவில் எங்களுக்கும் வீடு வேண்டும்’ என்றது. கல் பறந்தது, மார்ட்டின் லூதர் கிங் தலையிலும் ஒரு கல் விழுந்தது. வீட்டுரிமை பற்றிய சட்டமுன்வரைவு அவ்வாண்டு செப்டம்பரில் செனட்டில் மடிந்தது. 1968 ஏப்ரலில் கிங் கொலையுண்ட ஒரு வாரத்துக்குப் பின்னரே அவ்வுரிமை சட்டமாயிற்று. தொலைவிலுள்ள தெற்கின் கொடுமையைக் கண்டு துடித்த மனச்சான்று, தன் வீட்டு மதிலைத் தொட்டதும் தூங்கிப்போயிற்று!

மறுத்ததோடு நூல் நின்றுவிடவில்லை. எப்படிக் கூடலாம் என்றும் கூறுகிறது. கூடுவோர் தத்தம் நலன் இன்னதென்று உணர்ந்திருக்க வேண்டும். கூடுவதால் தமக்குப் பயன் உண்டென்று ஒவ்வொருவரும் நம்ப வேண்டும். ஒவ்வொருவர்க்கும் பிறரைச் சாராத சொந்த வலிமைத்தளம் இருக்க வேண்டும். குறிக்கோள் குறிப்பிட்டுக் காட்டத் தக்கதாக இருக்க வேண்டும். நீதி, நேயம் என்று மொத்தமாகப் பேசினால் போதாது. பொன்னான விதிகள். ஊரளவில் நான்கு சங்கங்களைக் கூட்ட முனையும் எந்த இளைஞரும் முதற்கூட்டத்துக்கு முன் இவற்றைப் படித்துவிட்டுச் செல்லலாம்.

ஆனால் பொன்னையும் உரைத்துத்தான் பார்க்க வேண்டும். நூலாசிரியர்களின் எடுத்துக்காட்டுகளை விடுத்து, நாமே ஒன்றை எடுத்து இவ்விதிகளை உரைத்துப் பார்ப்போம். கலிபோர்னியாவின் டெலானோ ஊர்; திராட்சைத் தோட்டங்கள்; ஆண்டு 1965.

அத்தோட்டங்களில் பழம் கொய்தோர் இரு வகையினர். ஒருவர் பிலிப்பைன்ஸ் தீவினர். 1920-களிலும் 30-களிலும் இளைஞராக வந்து கிழவரானோர். வெள்ளைப் பெண்ணை மணக்க 1948 வரை கலிபோர்னியாச் சட்டம் அவர்களுக்குத் தடைவிதித்திருந்தது. தம் இனப் பெண்களோ வந்தது மிகச் சிலர். ஆகவே பலர் மணமின்றியே தோட்ட முகாம்களில் முதுமை எய்தினர். மற்றவர் மெக்சிகோ வழியினர், குடும்பத்தோடு வாழ்ந்தோர். இருவரும் வெவ்வேறு முகாம், வெவ்வேறு மொழி, வெவ்வேறு கங்காணி. ஒருவர் வேலைநிறுத்தம் செய்தால் மற்றவரைக் கருங்காலிகளாக இறக்குவது முதலாளிகளின் வாடிக்கை. 1935-இன் தொழிலுறவுச் சட்டம் தொழிலாளர்க்குச் சங்க உரிமை தந்தது. பண்ணைத் தொழிலாளரையோ வெளியே நிறுத்திவிட்டது.

1965 செப்டம்பர் 8. மணிக்கு 1.40 டாலர் கூலி கேட்டுப் பிலிப்பைன்ஸ் தொழிலாளர் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வேலையை நிறுத்தினர். தலைமை தாங்கியவர் லாரி இட்லியாங். விபத்தில் மூன்று விரல் இழந்து, ‘ஏழுவிரல்’ என்று அழைக்கப்பட்டவர். 1930-களிலிருந்தே போராட்டங்களில் காய்த்தவர். முதலாளிகள் முகாம்களில் தண்ணீரையும் விளக்கையும் நிறுத்தினர். அடுத்து மெக்சிகோ மக்களை இறக்குவார்கள் என்பது இட்லியாங்குக்குத் தெரியும். நேரே சீசர் சாவேசிடம் சென்றார். சேர்ந்து நிற்கக் கேட்டார். சாவேசும் டோலரஸ் ஹுவெர்ட்டாவும் 1962-இல் தொடங்கிய சங்கம் அப்போது வேலைநிறுத்தத்துக்கு ஆயத்தமாக இல்லை. இன்னும் சில ஆண்டு வேண்டும் என்பது சாவேசின் கணக்கு. ஆனால் மறுத்தால் தம் மக்களே கருங்காலிகளாவர்! செப்டம்பர் 16 அன்று கூடிய கூட்டம் ஒருமனதாக வேலைநிறுத்தம் என்றது.

நூலின் நான்கு விதிகளையும் பொருத்திப் பாருங்கள். தன்னலம் இருபுறமும் தெளிவு. பயன் இருபுறமும் உண்டு. தனித்தனிச் சங்கம், தனித்தனித் தலைமை உண்டு. குறிக்கோளோ, ஒரு டாலர் நாற்பது சென்ட்! இதைவிடக் குறிப்பான குறிக்கோள் வேறென்ன? பிலிப்பைன்ஸ் மன்றத்தில் திறந்த கஞ்சித் தொட்டியில் இரு இனத்தாரும் அருகருகே அமர்ந்து உண்டனர். பல்லாண்டு எழுப்பிய சுவர் ஒரே அடுப்பின் அனலில் உருகிற்று. 1966-இல் டெலானோவிலிருந்து தலைநகர் சாக்ரமெண்டோவுக்கு நடந்தனர். நாடெங்கும் திராட்சை வாங்காதீர் என்று கடைவாசலில் நின்றனர். 1970 ஜூலை 29 அன்று டெலானோ முதலாளிகள் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டனர். விதிகள் வென்றன!

வென்றனவா? அடுத்த ஆண்டே, 1971 அக்டோபரில், லாரி இட்லியாங் சங்கத்தை விட்டு விலகினார்.

நடந்தது இது. 1966 ஆகஸ்டில், டிஜோர்ஜியோ நிறுவனத்தில் சங்கத் தேர்தல் நெருங்கியது. எதிரே டீம்ஸ்டர் சங்கம். இரண்டாக நின்றால் வாக்குப் பிளவுபடும் என்று இரு சங்கமும் ஒன்றாக இணைந்தன. சாவேஸ் தலைவர், இட்லியாங் துணை. தேர்தலில் 530-க்கு 331 என்று வெற்றி. இணைப்பு பலன் தந்தது. ஆனால் இணைந்த சங்கத்தில் மெக்சிகோ வழியினர் மிகப் பலர். பிலிப்பைன்ஸ் தொழிலாளர் மிகச் சிலர். கை எண்ணி முடிவெடுக்கும் இடத்தில், முதலில் களம் புகுந்தோம் என்பதற்குத் தனிக் கை கிடையாது. 1970 ஒப்பந்தங்கள் கங்காணிமுறையை ஒழித்து, சங்கமே வேலைக்கு ஆள் அனுப்பும் முறையைக் கொண்டுவந்தன. நல்ல சீர்திருத்தம், கங்காணிமுறை ஒழியத்தான் வேண்டும். ஆனால் குடும்பமற்ற கிழவர்களுக்கு, ஊர் ஊராக ஒன்றாகச் சென்று, ஒன்றாக உழைத்து, ஒன்றாகச் சமைத்த குழுவே குடும்பம். புதிய முறை அக்குழுக்களைப் பிரித்துப் போட்டது. இட்லியாங் சுட்டிக்காட்டினார், காது கொடுப்போர் குறைந்தனர். சாவேசைக் கொடியவர் என்று நாம் கூற வரவில்லை. யாரும் வஞ்சிக்கவில்லை, பெரும்பான்மை தன் இயல்புப்படி நடந்தது, அவ்வளவே. 1973-இல் ஒப்பந்தங்கள் முடிந்து, முதலாளிகள் டீம்ஸ்டர் சங்கத்தின் பக்கம் சாய்ந்தபோது, பிரிவின் விலை எல்லார்க்கும் தெரிந்தது.

நூலின் பெருங்குறை இங்கேதான் வெளிப்படுகிறது. அதன் நான்கு விதிகளும் வாயிலில் நின்று கேட்கும் கேள்விகள். உள்ளே நுழைந்தபின் என்ன என்பதற்கு அவ்வதிகாரத்தில் தெளிவான விடையில்லை. சொந்தத்தளம் இல்லாமல் கூடாதே என்று எச்சரிக்கும் ஆசிரியர்கள், வெற்றியே அத்தளத்தைக் கரைத்துவிடும் என்பதை ஆராயவில்லை. தோல்வியுற்ற கூட்டணிகளையே அடுக்கியதால் வந்த குறை இது. வாட்சன் கைவிட்டார், ரூத்தர் கைவிட்டார் என்று துணைவரின் துரோகத்தையே பார்த்த கண்ணுக்கு, துரோகமே இல்லாமல் மெலிந்தவன் மறைந்துபோவது தென்படவில்லை.

என்ன கேட்டிருக்க வேண்டும்? தன் இனத்தாரை மட்டும் தொடும் முடிவுகளைத் தடுத்து நிறுத்தும் உரிமை; தலைமைக் குழுவில் எண்ணிக்கை பாராத இடம்; வெளியேற நேர்ந்தால் தன் பெயரையும் பணப்பெட்டியையும் எடுத்துச்செல்லும் வழி. இவற்றைக் காதல் மலர்ந்த நாளில் கேட்பது அநாகரிகம் என்று தோன்றும். கேட்க ஏற்ற நாள் அது ஒன்றுதான். பிறகு கேட்பவனுக்குக் கலகக்காரன் என்ற பட்டம் காத்திருக்கிறது.

இணையாமலே கூடிய முயற்சியும் ஒன்று உண்டு. நூல் வெளிவந்த இரண்டே ஆண்டில், 1969-இல், சிகாகோவில் ஃபிரெட் ஹாம்ப்டன் என்ற இளைஞர் அதைச் செய்தார். கருஞ்சிறுத்தைகள், போர்ட்டோ ரிக்கோ வழியினரின் யங் லார்ட்ஸ், தெற்கிலிருந்து வந்த ஏழை வெள்ளையரின் யங் பேட்ரியட்ஸ் ஆகிய மூன்றும் கைகோத்தன. பேட்ரியட்ஸ் தோழர்களின் சட்டையில் அடிமைமுறைக்காகப் போரிட்ட தென்னாட்டுக் கொடி! அதைக் கண்டும் கருஞ்சிறுத்தைகள் அவர்களோடு அமர்ந்து பேசினர். போலீசின் தடியடி, ஒழுகும் வீடு, மருத்துவமின்மை ஆகிய பொதுத் துன்பங்களைப் பேசினர். அவரவர் பகுதி, அவரவர் பெயர், அவரவர் தலைமை அப்படியே இருந்தன. நீடித்திருந்தால் என்னவாகியிருக்குமோ! அவ்வாண்டு டிசம்பர் 4 விடியுமுன் போலீசார் நுழைந்து ஹாம்ப்டனைச் சுட்டுக்கொன்றனர். அவருக்கு வயது 21.

நூலின் நடையைப் பற்றியும் கூறவேண்டும். இருவர் கை எழுதியது என்பது அங்கங்கே தெரிகிறது. பேராசிரியர் அமைதியாக வரையறுத்துக்கொண்டு வருவார். திடீரென்று மேடைப் பேச்சாளர் குறுக்கே புகுந்து மேசையைத் தட்டுவார். நமக்கு அது பிடித்தே இருக்கிறது. ஆனால் விதிகளைக் கூறும் பக்கங்களில் பேச்சாளரின் அனல் அணைந்துவிடுகிறது. அங்கேதான் களத்துக் கதைகள் இன்னும் இரண்டு வேண்டியிருந்தன.

1992-இல் இந்நூல் மறுபடியும் அச்சேறிற்று. அதற்குள் கார்மைக்கேல், குவாமே துரே என்று பெயர் மாற்றிக்கொண்டு ஆப்பிரிக்காவின் கினி நாட்டில் வாழ்ந்துவந்தார். ஹாமில்டன் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். கூட்டாக எழுதிய நூலின் அப்பதிப்புக்கு, இருவரும் தனித்தனியே பின்னுரை எழுதினர்.